பதினோரு வருடம் கழித்து மறுபடி கேஸ் வண்டி ஏறலாமா?

ஏறலாம் தம்பி. எடுக்கவும் செய்வார்கள். ஆனால் நேராகப் போய் கேஸ் வண்டியில் ஏறாதீர்கள். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஊர். 2004 முதல் 2013 வரை புல்லட் ஓட்டியிருக்கிறீர்கள் (எங்கள் நாமக்கல் பக்கம் புல்லட் என்றால் மோட்டார் சைக்கிள் இல்லை, சமையல் கேஸ் ஏற்றுகிற டேங்கர் லாரி). அப்புறம் மாமனாரின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள இறங்கிவிட்டீர்கள். இப்போது பண்ணை கைமாறிவிட்டது, வயது 44, லைசென்ஸ் 2018-லேயே முடிந்துபோயிற்று, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். மறுபடி ஓட்டப் போகலாமா, எடுப்பார்களா, கட்டுபடியாகுமா என்பது கேள்வி.

நானும் இதே வழியில் வந்தவன்தான். பன்னிரண்டு வருடம் கேஸ் வண்டி ஓட்டிவிட்டு, திருப்பூரில் ஒரு நூல் குடோனைப் பார்த்துக்கொள்ள ஆறு வருடம் போய்விட்டு, 2020 கடைசியில் திரும்பி வந்தேன். மூன்று வருடம் ஓட்டினேன். இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் புதிதாக வருகிற டிரைவர்களை வண்டியில் உட்கார வைத்துப் பார்க்கிற வேலை. திரும்பி வருகிறவர்களை நிறையவே பார்த்துவிட்டேன். எல்லோரும் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: "கை மறக்காதுங்க."

கை மறக்காது, அது உண்மை. கியரும் ஸ்டீயரிங்கும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் டேங்கர் ஓட்டுவது கையில் மட்டும் இல்லை தம்பி, முதுகில் இருக்கிறது. உள்ளே இருப்பது எப்போது நகர்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது திரும்பி வருகிறது என்பதை முதுகுதான் சொல்லும். கை மறக்காமல் இருக்கும்போது முதுகு மறந்திருக்கும், அதுதான் ஆபத்து. புதுப் பையன் பயந்து ஓட்டுவான். திரும்பி வந்தவன் பழைய தைரியத்தில் ஓட்டுவான்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். திரும்பி வந்த முதல் வாரம், கொச்சியில் லோடு ஏற்றி வருகிறேன். வாளையாருக்குக் கொஞ்சம் முன்னால் டோல்கேட் வரிசை. மெதுவாக வந்து, பிரேக் போட்டு, வண்டி நின்றுவிட்டது. நின்றதும் காலைத் தளர்த்திவிட்டேன், குடோன் டெம்போவை ஆறு வருடம் ஓட்டிய பழக்கம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும், பின்னால் இருந்து தொம் என்று ஒரு தள்ளு. புல்லட்டுக்குள் இருந்த திரவம் முன்னால் வந்து முட்டி, வண்டி தானாக ஓரடி நகர்ந்தது. முன்னால் நின்ற காருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிச்சம். காருக்குள் பின் சீட்டில் ஒரு குழந்தை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தது. பன்னிரண்டு வருடம், வண்டி நின்ற பிறகும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தவன் நான். ஒரு நாளும் அதை யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காமல் செய்ததுதான் முதலில் மறந்துபோகிறது.

அதனால்தான் நேராகக் கேஸ் வேண்டாம் என்கிறேன். மூன்று நான்கு மாதம் வேறு வண்டி ஓட்டுங்கள். சங்ககிரிப் பக்கம் சிமெண்ட் பல்க்கர் (தூள் சரக்கு ஏற்றுகிற டேங்கர் லாரி) ஓடுகிறது, மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் ஏற்றுகிற பல்க்கரும் ஓடுகிறது. நீளமான வண்டி, ரிவர்ஸ், ஏர் பிரேக் எல்லாம் அங்கே பழகிவிடும், ஹசார்டஸ் எண்டார்ஸ்மெண்ட்டும் (ஆபத்தான சரக்கு ஓட்ட லைசென்ஸில் போட்டுத் தருகிற அனுமதி) தேவையில்லை. பால் டேங்கர் கிடைத்தால் இன்னும் நல்லது. கேஸ் புல்லட்டுக்குள் ஆட்டத்தைக் குறைக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். பால் டேங்கரில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் பெரும்பாலும் தகடு வைக்க மாட்டார்கள். பாதி லோடில் பால் வண்டியை ஒரு மாதம் ஓட்டினால் முதுகுக்குப் போன ஞாபகம் எல்லாம் திரும்பிவிடும். பால் கொட்டினால் நஷ்டம், அவ்வளவுதான், தெருவே எரியாது.

சரி, லைசென்ஸ் விஷயம். இதில் நீங்கள் போன பிறகு சட்டம் மாறிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். முன்பு கனரக லைசென்ஸ் 3 வருடம், இப்போது 5 வருடம். கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கு முன்பு வருடா வருடம் அலைந்தோம் இல்லையா, அது இப்போது 3 வருடம். புதுப்பிக்கும்போது ஒரு நாள் வகுப்பு உட்கார வேண்டும். உங்களுக்குக் கஷ்டமான இடம் வேறு: லைசென்ஸ் முடிந்து 5 வருடம் வரை ஓட்டிக் காட்டாமல் புதுப்பிக்கலாம் என்று முன்பு இருந்தது, இப்போது அது 1 வருடம். உங்களுடையது முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அதனால் ஆர்டிஓ முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். மருத்துவச் சான்று படிவம் 1ஏ வேண்டும். அப்புறம்தான் ஹசார்டஸுக்கு மூன்று நாள் பயிற்சி, அந்தச் சான்றைக் காட்டினால் லைசென்ஸில் எண்டார்ஸ்மெண்ட்.

இந்த மூன்று நாள் பயிற்சியை "உட்காராமலே சான்று வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். வேண்டாம். ஒழுக்கம் பேசவில்லை, கணக்குத்தான் பேசுகிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த எண்டார்ஸ்மெண்ட்டைத்தான். அதில் ஓட்டை இருந்தால் ஓனர் உங்களைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். தவிர, விதிப்படி இந்த எண்டார்ஸ்மெண்ட்டுக்கு ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மிரள வேண்டாம், வண்டியில் இருக்கிற அவசரத் தகவல் பலகையையும் கேபினில் வைத்திருக்கிற டிரெம் கார்டையும் (கசிந்தால், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று எழுதிய அட்டை) படிக்கிற அளவு இருந்தால் போதும். பலகையில் உள்ளே என்ன சரக்கு என்று காட்டுகிற ஐநா எண் இருக்கும்: கேஸுக்கு 1075, பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202. நீங்கள் ஒன்பது வருடம் 1075-ஐ முதுகில் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள், அது என்ன நம்பர் என்று அப்போது யாராவது சொல்லித் தந்தார்களா? எனக்குச் சொல்லித் தரவில்லை.

இனி ரோடு. வாளையார் செக்போஸ்ட் ஞாபகம் இருக்குமே. லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்று, அடுப்பு பற்ற வைத்துச் சோறாக்கி, சீட்டாடி, ஒரு நாள் முழுக்கப் போய்விடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அது போயிற்று. இப்போது வேகத்தைக் கூடக் குறைக்காமல் தாண்டுகிறோம். பாலக்காடு-திருச்சூர் வழியில் குதிரான் மேட்டில் குழி குழியாக இருந்த ரோட்டில் லோடு வண்டியை உருட்டி உருட்டிக் கொண்டுபோனது போய், 2021 ஜூலை கடைசியில் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். டோலுக்குச் சில்லறை எண்ண வேண்டாம், ஃபாஸ்டேக். இதெல்லாம் கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் இதில் ஒன்று கவனித்தீர்களா, நாம் சும்மா நின்ற நேரம் எல்லாம் போய்விட்டது. அந்த வரிசையில்தான் தூங்கினோம். இப்போது நிற்காமல் ஓட முடிகிறது என்பதாலேயே நிற்காமல் ஓடச் சொல்கிறார்கள். தூக்கத்துக்கு நீங்களேதான் இடம் தேடிக்கொள்ள வேண்டும்.

அப்படித் தேடி நின்றாலும் கேள்வி வரும். ஜிபிஎஸ் வைத்து எண்ணெய்க் கம்பெனிகளே வண்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. சொன்ன ரூட்டை விட்டு விலகினால் எச்சரிக்கை, வேகம் கூடினால் எச்சரிக்கை, அனுமதி இல்லாத இடத்தில் அதிக நேரம் நின்றால் எச்சரிக்கை. ஒரு தடவை பாலக்காட்டில் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய் மருந்துக் கடை தேடி முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டேன். அடுத்த லோடுக்குப் போனால் வண்டியை உள்ளே விடவில்லை. ஏன் நின்றாய் என்று எழுதிக் கொடு என்றார்கள், மருந்துக் கடை பில்லை ஒட்டி எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பதில் வர நான்கு நாள், அந்த நான்கு நாளும் எனக்குப் பேட்டா இல்லை. கம்பெனி பெயர் எதற்கு, எல்லா இடத்திலும் இதே கதைதான். பழைய காலத்தில் லோடு ஏற்றி வெளியே வந்தால் நாமும் ரோடும் மட்டும்தான். அந்தச் சுதந்திரத்துக்காகத் திரும்பி வருகிறீர்கள் என்றால் வர வேண்டாம், அது இப்போது இல்லை. மாத்திரையைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டியும் வேறு. நீங்கள் இறங்கும்போது இருந்த இன்ஜினைச் சத்தத்தை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். இப்போது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பிஎஸ்6, புகையைக் குறைக்க வந்த புது விதிப்படி செய்தவை. புகையைச் சுத்தம் செய்கிற யூரியாவுக்கு டேங்க் தனியாக இருக்கும், அது தீர்ந்தால் வண்டி இழுக்காது. புகைக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது, அதில் கரி சேர்ந்ததும் வண்டி அதைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும், அப்போது சைலன்சர் பக்கம் 500 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். சில நேரம் ஓரமாக நிறுத்திச் செய்யச் சொல்லி டேஷ்போர்டில் விளக்கு எரியும். சாதாரண லாரிக்காரனுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். நமக்கு அப்படி இல்லை. அந்த விளக்கு எரிவதைப் பார்த்தும் பார்க்காமல் கேஸ் பிளாண்ட் கேட்டுக்குப் போய் நிற்கக் கூடாது, போகும் வழியிலேயே வெட்ட வெளியில், காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இந்த விளக்கு எங்கே இருக்கிறது என்பதுதான். ஒரு நல்ல செய்தியும் உண்டு, 2025 அக்டோபர் முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். உங்களுக்கு அது கிடைக்குமா என்றால், புது வண்டி பழைய டிரைவருக்குத்தான் போகும், நீங்கள் பழைய டிரைவரா புது டிரைவரா என்பது ஓனர் மனதைப் பொறுத்தது!

இனி கேஸைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மறுபடி சொல்கிறேன். புல்லட்டில் 85 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள். வெயிலில் திரவம் பெருகும், அதற்கு இடம் வேண்டும். அந்த 15 சதவீத இடம்தான் நமக்கு ஆட்டம் காட்டுகிறது. வளைவுக்குள் போன பிறகு பிரேக் தொடாதீர்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தை முடித்துவிடுங்கள். மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வட்டப் பாதையில் போர்டில் 30 என்று போட்டிருந்தால் அது காருக்குப் போட்டது, நாம் 20. 2025 ஜனவரி 3-ஆம் தேதி விடியற்காலையில் கோயம்புத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் கேஸோடு வந்த புல்லட் திரும்பும்போது இழுக்கிற வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்ததே, ஞாபகம் இருக்கும். கசிவு இருந்தது, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் யார்டில் வண்டி எடுக்கும் முன் டார்ச் அடித்து அந்த இணைப்பைக் குனிந்து பார்க்காமல் யாரும் ஏறுவதில்லை. டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம், குனிந்து உள்ளே பார்ப்பது சிலருக்குத்தான்.

தொப்பூர் கணவாய்க்கும் ஒரு வார்த்தை. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடித்த காலம் உங்களுடையது, என்னுடையதும்தான். நியூட்ரலில் இன்ஜின் பிடிமானம் இல்லை, எல்லாப் பாரமும் பிரேக்கில், டிரம் காய்ந்து சிவந்த பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அங்கே வருடத்துக்கு எத்தனை வண்டி போய் இடிக்கிறது என்று பேப்பரில் பார்க்கிறோம். டீசல் டேங்கில் இப்போது சென்சார் வேறு வைத்திருக்கிறார்கள், மிச்சம் பிடித்தாலும் அது உங்களுக்கு வராது.

அப்புறம், கசிவு. 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் பக்கம் சாலாவில் நடந்தது உங்கள் காலத்தில்தான். டேங்கர் நடு ரோட்டுத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது, உடனே தீப்பிடிக்கவில்லை. கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடி ஓடும், சாக்கடையில் இறங்கும், வாசற்படிக்குக் கீழே போய் நிற்கும். அப்படிப் பரவிய பிறகு பற்றிக்கொண்டது, 20 பேர் போனார்கள். 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ஜெய்ப்பூரில் நெடுஞ்சாலையில் யூ-டர்ன் போட்ட கேஸ் வண்டியில் லாரி மோதி வால்வு உடைந்தது, அங்கே நேரமே கிடைக்கவில்லை. இரண்டிலும் நமக்குப் பாடம் ஒன்றுதான், கவிழ்ந்த வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள். இன்ஜின், மாஸ்டர் சுவிட்ச் இரண்டையும் அணைத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கி, இரண்டு பக்கமும் வருகிற வண்டிகளை நிறுத்துவதுதான் முதல் வேலை. பக்கத்து வீடுகளில் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள், ஆனால் லைட் சுவிட்சைத் தொடாதே என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தூரம் போன பிறகு போன், அவசர உதவிக்கு 112, கேஸ் கசிவுக்கு 1906.

காலி வண்டி என்று ஒன்று கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். இறக்கி முடித்த பிறகும் உள்ளே ஆவி இருக்கிறது. "காலிதானே" என்று ஓட்டல் அடுப்புப் பக்கத்தில் நிறுத்துகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

பிளாண்டுக்குள் வேலை முறை அதிகம் மாறவில்லை, கறார் கூடியிருக்கிறது. கேட்டில் போன், தீப்பெட்டி வாங்கி வைத்துவிடுவார்கள், சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கிற ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா பார்ப்பார்கள், எடை மேடை, சக்கரத்துக்குக் கட்டை, சாவியை ஒப்படைப்பது, நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற எர்த் கிளாம்பு. அப்புறம் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்து ஆவி அழுத்தத்தில் திரவம் இறங்கும். குழாயைக் கழற்றுகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, உஸ் என்று வந்து பித்தளை முனையில் வெள்ளையாக உறைபனி படியும், அந்த வாசனை சட்டையோடு வீடு வரை வரும். ஆறு வருடம் கழித்து அது மூக்கில் ஏறியபோது எனக்கு ஏதோ சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது, பைத்தியம் என்று வீட்டில் சொன்னார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆள் என்று வெறுங்கையால் தொட்டு விரல் வெந்தவன் எங்கள் யார்டிலேயே இருக்கிறான், குளிரிலும் வேகும்.

உடம்பு. 44 வயசுக்கு முதலில் பார்க்க வேண்டியது கண். படிவத்துக்காக இல்லை, உங்களுக்காகவே ஒரு நல்ல கண் டாக்டரிடம் போய் இரவுப் பார்வையைச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் ஓட்டிய காலத்தில் எதிரே வந்தது மஞ்சள் விளக்கு. இப்போது எல்லாம் வெள்ளை எல்இடி, ஹைபீமை இறக்குகிறவன் பத்தில் ஒருவன்கூட இல்லை, கண் கூசிப் பழைய நிலைக்கு வர நமக்கு வயதுக்கு ஏற்ற மாதிரி நேரம் பிடிக்கும். சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். குறட்டை அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்களா? சிரிக்காதீர்கள், குறட்டை விட்டுத் தூங்குகிறவர்களில் சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வரும், எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. அப்படி இருந்தால் வைத்தியம் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி எங்கே போவது. இதில்தான் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். நீங்கள் கேட்டது கேஸ், நான் சொல்வது பெட்ரோல் டீசல் டேங்கர். ஏன் என்றால் பெட்ரோலும் டீசலும் இப்போது குழாயில் சங்ககிரி, கரூர், இருகூர் டெர்மினல் (எண்ணெய்க் கிடங்கு) வரைக்கும் வந்துவிடுகிறது. டேங்கருக்கு வேலை அங்கிருந்து பங்க் வரைதான். காலையில் லோடு, மதியம் இறக்கு, பல நாள் ராத்திரி வீட்டுச் சோறு. கேஸில் கொச்சி, மங்களூர், எண்ணூர் என்று ஓடினால் வாரத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதிலும் குழாய் வந்துகொண்டு இருக்கிறது. மங்களூரிலிருந்து ஹாசன், மைசூர், பெங்களூர்ப் பக்கம் எல்லாம் கேஸ் குழாயிலேயே போகிறது, அந்த டிரிப்புகள் நம்மிடமிருந்து போனவைதான். கொச்சியிலிருந்து கோயம்புத்தூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை 458 கிலோமீட்டருக்கு ஒரு கேஸ் குழாய்த் திட்டம் இருக்கிறது. அது முழுதாக ஓட ஆரம்பித்தால் நாமக்கல் வண்டிகளின் தலையாய ரூட்டிலேயே கை வைத்த மாதிரி. 44 வயதில் வருகிறவர் இன்னும் பதினைந்து வருடம் ஓட வேண்டுமே, அதையும் யோசியுங்கள்.

கேஸ்தான் வேண்டும் என்றால் இரண்டாவது டிரைவராக ஏறுங்கள். 2025 மார்ச்சில் நம் டேங்கர் ஓனர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, புது ஒப்பந்த நிபந்தனைகளில் அவர்கள் எதிர்த்ததில் ஒன்று வண்டிக்கு மாற்று டிரைவரோ கிளீனரோ கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் என்பது. ஓனருக்கு அது செலவு. உங்களுக்கு அதுவே வாசல். ஓடுகிற ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாதம் போய்வந்தால் ரூட், பிளாண்ட், பேப்பர் எல்லாம் கைக்கு வந்துவிடும். கௌரவம் பார்க்காதீர்கள், ஒரு காலத்தில் உங்களிடம் கிளீனராக இருந்தவனே இன்றைக்குப் பெரிய டிரைவராக ஸ்டீயரிங்கில் இருக்கலாம்.

சம்பளம். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எப்படி என்று கேளுங்கள். மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா, கிலோமீட்டர் பேட்டாவா? லோடு வரிசையில் இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாளுக்கு என்ன? ஆன்லைன் அபராதம் வந்தால் யார் தலையில்? பிஎஃப் உண்டா, விபத்துக் காப்பீடு எவ்வளவுக்கு? பெட்ரோல் வண்டி என்றால் கட்டாயம் கேட்க வேண்டியது குறைவு வந்தால் யார் கட்டுவது என்று. பெட்ரோல் சூட்டில் பெருகி குளிர்ச்சியில் சுருங்குகிற சரக்கு, 12,000 லிட்டரில் 1 டிகிரிக்குச் சுமார் 12 லிட்டர் வித்தியாசம் வரும். மதிய வெயிலில் ஏற்றி மழையில் இறக்கினால் டேங்க்கில் விட்டு அளவு பார்க்கிற டிப் குச்சியில் குறைந்துதான் தெரியும், அதை டிரைவர் திருடினான் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. ஏற்றும்போதே டெம்பரேச்சரும் டென்சிட்டியும் இன்வாய்ஸில் இருக்கிறதா பார்த்துவிட்டு நகருங்கள், பங்க்கில் இறக்கும் முன் அதே இரண்டையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் போலீஸ் வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். விபத்தில் ஆள் இறந்து, சொல்லாமல் ஓடினால் 10 வருடம் வரை ஜெயில் என்ற பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106(2), அதற்காகத்தான் 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிகள் நின்றன. அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிப்போகக் கூடாது. கூட்டம் அடிக்கும் என்று பயமாக இருந்தால் விலகிப் போய் நேராகப் பக்கத்து ஸ்டேஷனில் நில்லுங்கள், இல்லையென்றால் 112-க்குப் போன் போட்டு எங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த அழைப்பே உங்களுக்குச் சாட்சி.

வீட்டில் சம்மதம் வாங்குவது பற்றி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள், கிளம்பும்போதும் லோடு இறக்கியதும் ஒரு மிஸ்டு கால், ஓடும்போது போனை எடுக்கக் கூடாது. மூன்று வருடம் அப்படியே நடந்தது. பெட்ரோல் டேங்கர், ராத்திரி வீட்டில் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். கண் டாக்டர், அப்புறம் நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ ஹெவி வண்டி வைத்திருக்கிற ஒரு டிரைவிங் ஸ்கூலில் பத்து நாள் ஓட்டிப் பார்ப்பது, டெஸ்ட்டுக்காக மட்டும் இல்லாமல். பழைய லைசென்ஸ் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் இருக்கிற நம்பரை வைத்துத்தான் ஆர்டிஓவில் உங்கள் பழைய பதிவைத் தேடுவார்கள். அது கம்ப்யூட்டரில் ஏறாமல் பழைய ஏட்டிலேயே இருந்தால் இரண்டு தடவை அலைய வைப்பார்கள், காலையில் பத்து மணிக்கு முன்னாலேயே போய் நின்றுவிடுங்கள்.